துகள் இயற்பியலில் பிஎச்.டி.: நம்மூர்ப் பிள்ளைகள் கேட்டவை

நான் திருப்பாதிரிப்புலியூர்க்காரன். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில், துகள் மோதல்களைப் பதிவு செய்யும் சி.எம்.எஸ். என்ற சோதனையில் வேலை. கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

எம்.எஸ்சி. மாணவி, மஞ்சக்குப்பம்: எந்தத் தேர்வு எழுதணும் சார்?

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) தனியாக நடத்தும் தேர்வு, ஆய்வு நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்தும் ஜெஸ்ட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், கேட். நாலுக்கும் அடிப்படைப் பாடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே மூச்சில் படித்து, முடிந்ததையெல்லாம் எழுதிவிடும்மா. ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023-இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய்.

பி.எஸ்சி. மாணவர், லாஸ்பேட்டை: எங்கள் லேபில் பெரிய கருவி எதுவும் இல்லை. சோதனைப் பக்கம் வர முடியுமா?

தம்பி, சில்வர் பீச்சில் நின்று உள்ளங்கையை விரி. வானத்திலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகள், நொடிக்கு ஒன்றாவது அதைத் துளைத்துப் போகும். மூலப்பொருள் இலவசம்!

நான் முதலில் செய்தது ஒரு மியூவான் எண்ணி. துகள் பட்டால் மினுக்கென்று ஒளிரும் சின்டிலேட்டர் பலகையை, வெளி வெளிச்சம் புகாதபடி கறுப்புக் காகிதத்தில் சுற்றி டேப் ஒட்டினேன். எண்ணிக்கை எக்கச்சக்கமாக ஏறியது. புதுத்துகள் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். ராத்திரி ட்யூப்லைட்டை அணைத்ததும் எண்ணிக்கை படுத்துவிட்டது. ஒரு மூலையில் டேப் பிரிந்து வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள். பிஎச்.டி. நேர்காணலில் பாதி நேரம் இந்தக் கதைதான் ஓடியது. மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை.

அதே மாணவர்: ஆயிரம் பேர் எழுதும் கட்டுரையில் என் பேர் எங்கே தெரியும்?

தெரியாது. ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் செர்னின் இன்னொரு சோதனையான அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர், அகரவரிசையில். அதனால்தான் பரிந்துரைக் கடிதத்துக்கு அவ்வளவு மதிப்பு. 'நல்ல மாணவர், ஒழுக்கமானவர்' என்று எழுதும் துறைத்தலைவரைவிட, உன் கையால் நீ செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியரிடம் கேள்.

ஒரு தந்தை, நெல்லிக்குப்பம்: அஞ்சாறு வருஷம் படித்தபின் வேலை கிடைக்குமா?

ஐயா, மறைக்க மாட்டேன். அதற்குமேல் போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணியில் ஒன்றிரண்டு இடங்களில் சில வருஷம். நிரந்தரப் பணி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. என்னோடு படித்த சிலர் டேட்டா சயின்ஸுக்குப் போனார்கள். என்னைவிட நன்றாகவே சம்பாதிக்கிறார்கள்.

பள்ளி மாணவி, புதுச்சேரி: பிரெஞ்சு படிப்பது உதவுமா?

வேலையெல்லாம் ஆங்கிலத்தில்தான் பாப்பா. ஆனால் சி.எம்.எஸ். இருப்பது பிரான்சில், செஸ்ஸி என்ற ஊரில். வீட்டு வாடகைப் பத்திரத்தைப் படிக்கத் தெரியாமல் நான் முழித்தபோது, உங்கள் ஊர்ப் பையன் ஒருவன்தான் வந்து காப்பாற்றினான்.