கொண்டை வெளுத்த குஞ்சுக்கு எந்த டானிக்?

கேள்வி: வியாபாரியிடம் 500 நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கினேன். இன்றைக்கு 17 நாள். நாலைந்து நாளாகக் கொண்டையும் காலும் வெளுத்து, குவிந்தே நிற்கின்றன. சிலவற்றுக்கு இறக்கை நீலம் பாரித்திருக்கிறது. எச்சத்தில் ரத்தம் இல்லை. மருந்துக் கடையில் ரத்தக்கழிச்சல் என்று சல்பா மருந்து தந்தார்கள். கொடுத்தும் 38 செத்துவிட்டன. எந்த இரும்பு டானிக், லிட்டருக்கு எத்தனை மில்லி கலக்கலாம்?
– ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: எந்த டானிக்கும் வேண்டாம். சல்பாவை இன்றே நிறுத்துங்கள். அளவு மீறினால் அதுவே எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, தசையில் ரத்தம் கசிய வைக்கும்.

இந்த வயது, வெளுப்பு, நீல இறக்கை மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கோழிகளின் தொற்று ரத்தசோகை வைரஸ். ரத்த அணுக்களை உருவாக்கும் மஜ்ஜையின் தாய்ச் செல்களையே இது அழிக்கிறது. மனிதச் சிவப்பணு 120 நாள் வாழும். கோழியுடையது ஒரு மாதம்தான். அதனால் உற்பத்தி நின்ற சில நாளிலேயே ரத்தம் நீர்த்துவிடும். நுரையீரல் நன்றாக இருந்தும் ஆக்சிஜனைச் சுமக்க அணு இருக்காது. விரட்டிப் பிடித்தாலே சுருண்டு விழும். உறையச் செய்யும் அணுக்களும் குறைவதால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி, அந்த இடம் அழுகுகிறது. அடுப்பு அணைந்து கிடக்கும்போது அரிசி மூட்டை இறக்கி என்ன பயன்? இரும்பு டானிக் அப்படித்தான். அதன் இனிப்பு நிப்பிள் குழாயில் வழுவழுப்பாகப் படிந்து கிருமி வளர்க்கும், அவ்வளவுதான்.

புதிதாக இறந்த குஞ்சின் தொடை எலும்பைப் பிளந்து பாருங்கள். மஜ்ஜை கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மஞ்சளாகவோ வெளிர் ரோஜா நிறமாகவோ இருந்தால் வைரஸாகவும் இருக்கலாம், சல்பாவாகவும் இருக்கலாம். கழுத்தின் இருபுறமும் உள்ள, எதிர்ப்பு சக்திக்கான தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தால் சந்தேகம் வைரஸ் பக்கம் வலுக்கும். கண்ணால் முடிவு செய்யாமல், உயிருள்ள இரண்டு மூன்று நோயுற்ற குஞ்சுகளை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள். சல்பா எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 27 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ரத்தசோகைதான்.

வைரஸுக்கு மருந்து இல்லை. புண்ணுக்கான ஆன்டிபயாடிக்கை மருத்துவர் எழுதட்டும். ஈர உமியை மாற்றி, அம்மோனியா நெடி இல்லாமல் காற்றோட்டம் விடுங்கள். குஞ்சுகளைத் தேவையில்லாமல் பிடிக்காதீர்கள். தடுப்பூசி நாள் வந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். எதிர்ப்பு சக்தியும் அடிபட்டிருப்பதால் சரியாகப் பிடிக்காது. வேறு நோய் சேராவிட்டால் நாலைந்து வார வயதில் பெரும்பாலானவை தேறும், எடை மட்டும் பின்தங்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்தக் குஞ்சுகளின் தாய்க்கோழி எது என்பதுதான். இந்த வயதுக் குஞ்சுக்கு இந்த வைரஸ் பெரும்பாலும் முட்டை வழியாகவே வரும். தாய்க்கு 9 முதல் 15 வார வயதுக்குள், முட்டையிடத் தொடங்குவதற்கு 4 வாரமாவது முன்பே தடுப்பூசி போட்டிருந்தால், குஞ்சுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் பாதுகாப்பு கிடைக்கும். நாலு பொரிப்பகக் குஞ்சை ஒரே பெட்டியில் கலந்து, ரெண்டு ரூபாய் குறைத்து விற்கிற வியாபாரியிடம் இந்த விவரம் இருக்காது. குஞ்சுக்கு வைரஸோடு டானிக்கும் சேர்த்து விற்பவரும் பல ஊரில் அவரேதான். அடுத்த தொகுதியை ஒரே தாய்மந்தையிலிருந்து, தடுப்பூசித் தேதி எழுதிய பில்லோடு வாங்குங்கள். பில் தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.