அந்த அறிக்கையில் இருப்பது யாருடைய பேச்சு?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலம் குபர்டினோவில் இருக்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருடம். மூன்று வயதில் பேரன். தை அமாவாசைக்கு அடுத்த வாரம் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெரிய சண்டை. அவள் 911-க்கு போன் செய்துவிட்டாள். போலீஸ் வாசலில் நிற்கும்போதே எங்களையும் கூப்பிட்டாள். இவர் 'வாய்த்தகராறுதான் என்று சொல்லி அனுப்பிவிடு' என்றார். அவர்களும் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது சம்பந்தி வீட்டார் 'உங்கள் பெண்ணுக்கு மூளை சரியில்லை, சும்மா சும்மா போலீசைக் கூப்பிட்டாள்' என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்கிறார்கள். மாப்பிள்ளை விவாகரத்துக்கும் போட்டுவிட்டதாகக் கேள்வி. மகள் எங்களிடம் சரியாகப் பேசுவதில்லை. அங்கே கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) போலீஸ், கோர்ட் ரெக்கார்டுகளை யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். மகளுக்குத் தெரியாமல் எப்படி வாங்குவது? நாலு பெரியவர்கள் முன்னால் அவர்கள் முகத்தில் எடுத்துப் போட வேண்டும்.
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: மேலே அச்சிட்டிருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுக் கடிதத்தில் சம்பந்தி அம்மாள் கல்யாணத்தில் கேட்ட வெள்ளிப் பாத்திரத்தில் தொடங்கி, போன தீபாவளிக்கு அவர் பேசிய பேச்சு வரை விவரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் போனில் சொன்னதற்கு மட்டும் ஒரே வரி. அடுத்த வரியிலேயே 'அவர்களும் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்' என்று தாண்டிவிட்டீர்கள்.

என்ன எழுதிக்கொண்டு போனார்கள்? உங்கள் மகள் சொன்னதை. உங்கள் மகள் என்ன சொன்னாள்? அப்பா சொல்லிக்கொடுத்ததை. ஆக, நீங்கள் தேடி அலையும் அந்த ரெக்கார்டில் நடுநாயகமாக இருக்கப்போவது உங்கள் வீட்டுக்காரரின் வாக்கியம். அதை எடுத்து நாலு பெரியவர்கள் முன்னால் போட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் தெரியுமா? 'பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று உங்கள் பெண்ணே சொல்லியிருக்கிறாள்' என்று அதையே உங்களிடம் திருப்பி நீட்டுவார்கள்.

அங்கே ராத்திரி என்றால் இங்கே பட்டப்பகல். தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. நன்றாக விழித்திருந்த மனிதர், மகள் பயந்துபோய்க் கூப்பிடும்போது மாப்பிள்ளையின் வேலையையும் விசாவையும் நினைத்தார். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்? போனை வாங்கி 'உன்னை அடித்தானா?' என்று கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அடி விழுந்ததா என்பதே உங்களுக்கு இன்றுவரை தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அரசாங்கத்து ரெக்கார்டைத் தேடுகிறீர்கள்? வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளையிடம் கேட்க முடியாததை, கவுண்டி போலீசான ஷெரிஃப் ஆபீசிடம் கேட்கப் போகிறீர்கள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சொல்லும்போதே புரிந்துவிடும், மகளுக்குத் தெரியாமல் இது நடக்காது என்று.

முதலில், வந்தது யார்? அமெரிக்காவில் நம் ஊர் மாதிரி மாநிலம் முழுக்க ஒரே போலீஸ் இல்லை. ஊருக்கு ஊர் தனி. பக்கத்தில் இருக்கும் சன்னிவேலில் போலீசும் தீயணைப்பும் சேர்ந்து ஒரே துறை. சான் ஹோசேக்குத் தனி போலீஸ். குபர்டினோவுக்குச் சொந்தப் போலீசே கிடையாது. சாண்டா கிளாரா கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஆகவே அன்று வாசலில் நின்றவர்கள் ஷெரிஃபின் ஆட்கள். அறிக்கையும் சான் ஹோசேயில் யங்கர் அவென்யூவில் இருக்கும் ஷெரிஃப் தலைமை அலுவலகத்தின் கணக்கில்தான் இருக்கும். குபர்டினோ நகராட்சிக்கு எழுதிப் பிரயோஜனமில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு இது தெரிந்திருக்காது. அவன் பார்த்திருப்பது பேரைப் போட்டால் ஜாதகமே சொல்வதாகப் பணம் பிடுங்கும் தனியார் தளங்களாக இருக்கும். அவற்றில் பழைய விலாசமும் வேறு யாருடைய வழக்கும் கலந்து கிடக்கும். அதற்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அடுத்தது, யார் கேட்டால் கொடுப்பார்கள். கலிஃபோர்னியாவில் பொது ஆவணச் சட்டம் இருப்பது உண்மைதான். நம் ஊர் தகவல் உரிமைச் சட்டம் மாதிரி. மனு போட்டால், கொடுக்க முடியுமா முடியாதா என்று பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். ஆனால் போலீசின் விசாரணைக் காகிதங்களுக்கு அதில் விலக்கு உண்டு. மூன்றாம் மனிதருக்குக் கிடைப்பது கைதானவர் விவரம், எந்த நேரத்தில் என்ன மாதிரி அழைப்பு வந்தது என்ற அளவுக்குத்தான். உங்கள் விஷயத்தில் யாரும் கைதாகவே இல்லை. திருச்சியிலிருந்து நீங்கள் எழுதினால் ஒரு வரி வரலாம், அவ்வளவுதான்.

மகள் கேட்டால் கதையே வேறு. குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அறிக்கையின் ஒரு பிரதியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று அந்த மாநிலத்துக் குடும்பச் சட்டத்தில் 6228-ஆம் பிரிவு சொல்கிறது. சுருக்க விவரம் உள்ள முதல் தாள் 48 மணி நேரத்தில், முழு அறிக்கை ஐந்து வேலை நாளில். தகுந்த காரணம் சொன்னால் முழு அறிக்கைக்குப் பத்து வேலை நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அறிக்கை எழுதி முடித்த நாளிலிருந்து ஐந்து வருடம் வரை கேட்கலாம். அடையாள அட்டை போதும். அவள் நேரில் போக முடியாவிட்டால் வக்கீலோ, பெற்றவர்களோகூட அவள் சார்பில் கேட்கலாம். ஆனால் அதற்கு அவள் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சட்டத்தைப் போட்டவர்களுக்கு உங்களைத் தெரியாது. இருந்தும் மகளைக் கேட்காமல் மகளின் காகிதம் உங்களுக்குக் கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல சட்டம்.

'அதில்தான் ஒன்றுமில்லை என்று இருக்குமே, அப்புறம் வாங்கி என்ன?' என்று கேட்பீர்கள். வாங்கத்தான் வேண்டும். அப்பா சொல்லிக்கொடுத்த வரிக்கு மேலும் அதில் இருக்கும். கலிஃபோர்னியாவில் குடும்ப வன்முறை என்று அழைப்பு வந்தால், கைது நடந்தாலும் நடக்காவிட்டாலும் எழுத்தில் அறிக்கை போட்டாக வேண்டும். அடித்தவர் குடித்திருந்த மாதிரி தெரிந்ததா, அதே வீட்டுக்கு இதே விஷயமாக முன்பு போலீஸ் வந்திருக்கிறதா என்பதெல்லாம் அதில் குறிக்கச் சொல்லியிருக்கிறது. உடம்பில் காயம், உடைந்த சாமான், அழுதுகொண்டிருந்த குழந்தை என்று வந்தவர்கள் கண்ணில் பட்டதையும் எழுதியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல் அந்த 911 அழைப்பு இருக்கிறது. அதில் இருப்பது அப்பாவிடம் பேசுவதற்கு முன்னால் உங்கள் மகள் பேசிய பேச்சு. அவள் சொந்தப் பேச்சு.

அந்த ஒலிப்பதிவுக்கு ஒரு கெடு உண்டு. தொலைபேசிப் பதிவுகளை 100 நாளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் எழுதியது மாசிக் கடைசியில். பாதி நாள் ஏற்கெனவே போய்விட்டது. அழிக்காமல் வைத்திருக்கும்படி அவளோ அவள் வக்கீலோ உடனே எழுத்தில் கேட்க வேண்டும். பத்திரிகை உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று இந்தப் பகுதியை மட்டும் தனியாகத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கோர்ட் விஷயம். விவாகரத்து வழக்கு கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டில் இருக்கும். சாண்டா கிளாராவுக்குக் குடும்ப வழக்குகள் சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் உள்ள குடும்ப நீதிமன்றக் கட்டடத்தில். பெயரை வைத்து இணையத்தில் தேடினால் வழக்கு இருக்கிறதா, எண் என்ன, வாய்தா எப்போது என்று தெரியும். மனுவுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதை வெளியாட்கள் வீட்டிலிருந்து படிக்க முடியாது. குடும்ப வழக்குகளுக்கு அங்கே அப்படி விதி. கோர்ட்டுக்கே ஆள் போக வேண்டும். நகல் பக்கத்துக்கு 50 சென்ட், முத்திரை போட்ட நகல் என்றால் 40 டாலர் தனி.

தேடும்போது பெயரில் கவனம். நம் ஆட்களுக்கு அங்கே பெயர் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். அப்பா பெயர் குடும்பப் பெயராக, புருஷன் பெயர் குடும்பப் பெயராக, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முன்பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து. எல்லா விதத்திலும் போட்டுப் பார்க்காமல் 'வழக்கே இல்லை' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

அதைவிட அவசரம், சம்மன் அவள் கைக்கு வந்துவிட்டதா என்பது. வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அவள் பதில் மனு போட வேண்டும். தவறினால் அவள் இல்லாமலே வழக்கு நடந்து முடிந்துவிட வழி இருக்கிறது. கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்கு கேட்கலாம்.

இன்னொன்று. 'குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த விமானத்தில் வந்துவிடு' என்று உங்கள் வீட்டுக்காரர் இனி வீரம் பேசினாலும் பேசுவார். பேச விடாதீர்கள். விவாகரத்துச் சம்மனிலேயே தடை அச்சடித்திருக்கும். மற்றவரின் எழுத்துச் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் குழந்தையை மாநிலத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. அதை மீறினால், அடி வாங்கியவள் பிள்ளையைக் கடத்தியவள் ஆகிவிடுவாள். அதே மாநிலத்தில், கடந்த ஐந்து வருடத்துக்குள் குடும்ப வன்முறை செய்ததாகக் கோர்ட் முடிவு செய்தால், அவரிடம் குழந்தையை ஒப்படைப்பது நல்லதில்லை என்ற அனுமானத்தோடுதான் நீதிபதி தொடங்குவார். இந்தக் காகிதங்களுக்கு வேலை அங்கேதான். உங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப்பில் இவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை. அறிக்கையின் ஒரு பக்கம் அங்கே போய்விட்டால் மறுநாள் எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருக்கும். நாலு பெரியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அந்த நீதிபதி கேட்கப்போவதில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

எனக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது. கல்யாணம் நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நானும். இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேரிடம் 'பொறுத்துப் போங்கள்' என்று எழுதியிருக்கிறேன். புருஷன் வேலையிலேயே கிடக்கிறான், மாமியார் வாய் நீளம், இதற்கெல்லாம் பொறுக்கலாம். போலீசைக் கூப்பிடும் அளவுக்குப் பயந்த பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்று சொல்லப் பெற்றவருக்கும் உரிமை கிடையாது. கட்டிக்கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் அப்பாக்களின் வீட்டிலிருந்துதான் இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு வருகின்றன. எழுதுவது எப்போதும் அம்மா. அப்பா சொன்னது எப்போதும் ஒரே வரி.

'சரியாகப் பேசுவதில்லை' என்று மகள்மேல் குறை வேறு. கடைசியாக அவள் மனசு விட்டுப் பேச நினைத்தபோது என்ன கிடைத்தது அவளுக்கு?

ஆகவே போன் செய்ய வேண்டியது உங்கள் வீட்டுக்காரர். நீங்கள் நடுவில் தூது போகாதீர்கள். அன்று சொன்னது தப்பு என்று அவர் வாயால் சொல்லட்டும். 'ஆனால்' என்று இழுக்காமல் சொல்லட்டும். ரெக்கார்டு, கோர்ட், சம்பந்தி மூன்றையும் அந்தப் போனில் எடுக்கக் கூடாது. முதலில் அவள் தனியாக இருக்கிறாளா, பேச முடியுமா என்று கேளுங்கள். புருஷன் பார்க்கக்கூடிய போனில் இதையெல்லாம் எழுதி அனுப்பாதீர்கள்.

அவள் பேசத் தயாரானால் கொடுக்க வேண்டியது இரண்டு எண். மைத்ரி என்று ஓர் அமைப்பு 1991 முதல் அந்தப் பகுதியில் தெற்காசியப் பெண்களுக்காகவே இருக்கிறது: 1-888-862-4874. நாடு முழுமைக்குமான உதவி எண் 1-800-799-7233. பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனுப் போட அங்கே கட்டணம் இல்லை. அவள் இருப்பது எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குக் கொடுக்கும் விசாவில் என்று எழுதியிருக்கிறீர்கள். கொடுமைக்கு ஆளான மனைவி தனியாக வேலை அனுமதி கேட்க வழி இருக்கிறது. குடியேற்ற வக்கீலிடம் அதையும் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் செலவை யார் கொடுப்பது என்று அவள் கேட்கும் நிலை வரக் கூடாது. வெள்ளிப் பாத்திரத்துக்குப் பணம் புரட்டியவர்களுக்கு இதற்கும் புரட்ட முடியும்.

அறிக்கை வாங்குவதா, பாதுகாப்பு உத்தரவு கேட்பதா, அந்த வீட்டிலேயே இருப்பதா, பிரிவதா, எல்லாம் அவள் முடிவு. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வாங்கிக் கொடுங்கள். போடமாட்டேன் என்றால் மறுபடி கேட்காதீர்கள். சம்பந்தி வீட்டார் அதுவரை என்ன வேண்டுமானாலும் பேசிக்கொண்டு போகட்டும்.