ஹெச்பி-41: சியா, சிவியா, சிஎக்ஸா?

கேள்வி: ஹெச்பி-41 கால்குலேட்டரில் சி, சிவி, சிஎக்ஸ் என்று மூன்று மாடல்கள். பழைய சிவி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பதும் சிவிதானா என்று திறக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முகப்பையும் பின்மூடியையும் யாரும் கழற்றி மாற்றிவிடலாம். அதனால் எழுத்தை நம்பாமல் ரெஜிஸ்டரை, அதாவது நினைவக அறைகளை, எண்ணுங்கள்.

கால்குலேட்டரை அணைத்துவிட்டு, மேல்விளிம்பில் உள்ள நான்கு போர்ட்டுகளிலிருந்தும் மாட்யூல்களை (செருகி வைக்கும் கூடுதல் பெட்டிகளை) கழற்றுங்கள். அணைக்காமல் பிடுங்கினால் நினைவகம் குழம்பும். புது 'என்' சைஸ் பேட்டரி நான்கு போடுங்கள். இடது அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தபடி 'ஆன்' விசையைத் தட்டிவிட்டு, பிறகு அம்புக்குறியை விடுங்கள். 'மெமரி லாஸ்ட்' என்று வரும். உள்ளே இருக்கும் புரோகிராம் எல்லாம் போய்விடும். விற்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து இந்த விசைகளை வரிசையாகத் தட்டுங்கள்: எக்ஸ்இக்யூ (XEQ), ஆல்ஃபா, 'சைஸ்' (SIZE) என்ற நான்கு எழுத்து, மறுபடி ஆல்ஃபா, 000. பிறகு பிஆர்ஜிஎம் (PRGM), ஷிஃப்ட், ஜிடிஓ (GTO), இரண்டு முறை புள்ளி. திரையில் 'ரெக்' என்பதற்குப் பக்கத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். 63 என்றால் அது 41சி. 319 என்றால் பெரும்பாலும் சிவி அல்லது சிஎக்ஸ்.

சைஸ் 000 கொடுக்க மறந்தால் 46 அல்லது 219 என்று காட்டும். தகவலுக்கென்று சி 17 ரெஜிஸ்டரும் சிவி 100 ரெஜிஸ்டரும் தானாகவே ஒதுக்கிக்கொள்வதுதான் காரணம். பழுது என்று பயப்பட வேண்டாம்.

127, 191, 255 என்று வந்தால் 64 ரெஜிஸ்டர் கொண்ட மெமரி மாட்யூல் ஒன்றோ இரண்டோ மூன்றோ சேர்ந்திருக்கிறது. போர்ட்டுகள் காலியாக இருந்தும் இப்படி வந்தால், யாரோ சி-க்குள்ளேயே அவற்றைப் பற்றவைத்திருக்கிறார்கள். அப்படி நான்கு வைத்தால் 319 வந்துவிடும்! வேலைக்கு அது சிவிக்குச் சமம்தான், சேகரிப்பவருக்கு அல்ல.

கேள்வி: சிவிக்கும் சிஎக்ஸுக்கும் 319 தானே? எப்படிப் பிரிப்பது?

பதில்: மாட்யூல் எதுவும் இல்லாத நிலையில், எக்ஸ்இக்யூவுக்குப் பின் ஆல்ஃபாவில் 'டைம்' என்று அடியுங்கள். சிஎக்ஸ் நேரத்தைக் காட்டும். சிவி 'நான்எக்ஸிஸ்டென்ட்' என்று கையை விரித்துவிடும். சிஎக்ஸில் கூடுதல் நினைவகமும் உண்டு என்பதால் அந்த நினைவகத்தின் பட்டியலைக் காட்டும் 'ஈஎம்டிஐஆர்' (EMDIR) கட்டளையும் அதில் வேலை செய்யும். இரண்டையும் சோதியுங்கள்.

கேள்வி: பின்புறம் 2016ஏ என்று தொடங்கும் எண் இருக்கிறது. 2016இல் செய்ததா?

பதில்: இல்லை. முதல் இரண்டு இலக்கத்தோடு 1960ஐக் கூட்டுங்கள்: 1980. அடுத்த இரண்டும் வாரம், 16ஆவது வாரம். 'ஏ' அமெரிக்கா, 'எஸ்' சிங்கப்பூர், 'பி' பிரேசில். சி வந்தது 1979இல், சிஎக்ஸ் வந்தது 1983இல். ஆகவே சிஎக்ஸ் முகப்புக்குப் பின்னால் 20 என்றோ 21 என்றோ தொடங்கும் எண் இருந்தால், பின்மூடி வேறொன்றிலிருந்து வந்தது. உயரமான விசைகள் ஆரம்பகால சி-யின் அடையாளம்.

கேள்வி: உதிரிக்காக இன்னொன்றை வாங்கி உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை மாற்றலாமா?

பதில்: இரண்டும் ஒரே காலத்தவை என்றால் மட்டும். 80களின் நடுப்பகுதிக்குப் பிறகு சில்லுகள் குறைந்த 'ஹாஃப்நட்' போர்டு வந்தது. அது பழையதோடு பொருந்தாது. திறக்கும்போது நான்கு ரப்பர் காலுக்கு அடியில்தான் திருகுகள். திருகு இறங்கும் பிளாஸ்டிக் தூண்கள் எளிதில் வெடிக்கும். வெடித்தால் போர்டு அழுந்தி உட்காராது, விசைகள் விட்டுவிட்டு வேலை செய்யும். மெதுவாக முடுக்குங்கள்.