தனிமனிதன், சமூகம், அரசு: இந்த மூன்றையும் இன்றைய சமூகவியல் எப்படிப் பார்க்கிறது?

பரீட்சைக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் மூன்றுக்கும் மூன்று கட்டம் போட்டு, நடுவில் அம்புக்குறி வரைந்திருப்பார்கள். இன்றைய சமூகவியலாளர்களில் பலர் அப்படிப் பிரிப்பதே தப்பு என்பார்கள். எனக்கு இது வேலை போனபோது புரிந்தது.

நான் இருந்த நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். எல்லோரும்தான் வெளியே வந்தோம். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டது, "நீ என்னப்பா பண்ணின?" என்றுதான். "காலத்துக்கு ஏத்த மாதிரி நீ மாறிக்கலை" என்றார் மாமா. கேட்டுக் கேட்டு, நேர்முகத் தேர்வுக்குத் தன்னம்பிக்கையாகத் தெரிய வேண்டுமென்று கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகும் அளவுக்குப் போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய புத்தகம் கைக்குக் கிடைத்தது. 1 லட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அவருடைய திறமையையும் குணத்தையும் ஆராயலாம். 5 கோடித் தொழிலாளர்களில் 1.5 கோடிப் பேருக்கு வேலை இல்லையென்றால், ஆளை ஆராய்ந்து விடை கிடைக்காது என்கிறார். மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவன் வேலையில இருந்துக்கிட்டு எழுதியிருப்பான்" என்றார்.

இதற்கு வெகு முன்னால், 1897இல், பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் தற்கொலையையே எடுத்துக்கொண்டு, இவ்வளவு அந்தரங்கமான முடிவின் விகிதம்கூட மதம், குடும்பப் பிணைப்பு போன்றவற்றைப் பொறுத்து மாறுகிறது என்று காட்டினார்.

"எல்லாப் பழியையும் சமூகத்தின் மேல் போட்டுத் தப்பிக்கிறான்" என்று பின்னூட்டத்தில் யாராவது வருவீர்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன்டனி கிடன்ஸ் 1984இல் சொன்னது இதற்கு நேர்ப் பதில்: சமூக அமைப்பு நம்மைக் கட்டிப்போடுகிறது, நமக்குக் கையும் கொடுக்கிறது, அன்றாடம் நாம் செய்வதால்தான் அது நிலைக்கிறது, மாறவும் செய்கிறது. இலக்கணத்தை நாம் உண்டாக்கவில்லை, ஆனால் நாம் பேசாவிட்டால் அது இல்லை. அந்த மாதிரி.

சரி, அரசு. ஒரு நிலப்பரப்புக்குள் முறையானது என்று ஏற்கப்படும் வன்முறைக்குத் தனக்கு மட்டுமே உரிமை என்று வெற்றிகரமாகக் கோருவதுதான் அரசு என்றார் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், 1919இல். பின்னாளில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்: பெயரிடும், வகைப்படுத்தும் அதிகாரமும் அரசின் கையில்தான். நீங்கள் யார் என்பதை ஒரு முத்திரை முடிவு செய்யும்.

இது எனக்கு நடந்தது. உதவித்தொகை கேட்டுப் போன இடத்தில், வேலை இல்லை என்பதற்குப் பழைய நிறுவனத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். பூட்டிக் கிடக்கும் நிறுவனத்தில் யார் கையெழுத்துப் போடுவார்? எனக்கு வேலை இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அரசின் ஏட்டில் மட்டும் நான் வேலையில் இருந்தேன்.

அப்புறம் அந்த இணையப் படிவம்! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். வேலை இல்லாதவர்களுக்கான விண்ணப்பத்தில் 'தற்போது பணிபுரியும் நிறுவனம்' என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. 'இல்லை' என்று அடித்தேன். அப்படியொரு நிறுவனம் பட்டியலில் இல்லை என்றது.