மேட்டில் உருளும் பீப்பாய்

கேள்வி: இத்தாலியில் ஒரு மலையூரில் ஆட்கள் மரப்பீப்பாயை மேட்டில் உருட்டிக்கொண்டு ஓடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இறக்கத்தில் விட்டால் தானாக ஓடுமே, எதற்கு இந்தப் பாடு?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நீங்கள் பார்த்தது மோந்தேபுல்ச்சானோ, அம்மா. தஸ்கனியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பந்தயத்தின் பெயர் பிராவியோ தெல்லே போத்தி. போத்தி என்றால் பீப்பாய்கள். பிராவியோ, ஜெயித்தவர்களுக்குக் கிடைக்கும் ஓவியம் தீட்டிய துணி. 14ஆம் நூற்றாண்டில் அங்கே குதிரைகள்தாம் ஓடின. 1974இல் பீப்பாய் வந்தது. வைன் செய்கிற ஊர், வேறு எதை உருட்டுவார்கள்!

ஊர் எட்டு வட்டாரமாகப் பிரிந்திருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு பீப்பாய், தள்ள இரண்டு பேர். பீப்பாய் 80 கிலோ. கல் பாவிய தெருவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறவேண்டும். முடிகிற இடம் உச்சியில், பேராலயம் இருக்கிற சதுக்கம். ஊரின் பாதுகாவல் புனிதர் திருமுழுக்கு யோவானின் நினைவுநாள் ஆகஸ்டு 29. அதையொட்டி ஆகஸ்டு கடைசி ஞாயிறு பந்தயம். மலைக்கோயில் திருவிழா என்றால் ஏறித்தானே ஆகவேண்டும். இறக்கத்தில் 80 கிலோவைக் கைவிட்டால் தெருவோரம் நிற்கிற ஜனம் என்ன ஆவது?

என் அப்பா ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் காலி இரும்புத் தோம்புகளை லாரி நிற்கிற மேட்டுக்கு நானும் உருட்டுவேன். உள்ளங்கையில் துரு ஏறி, சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் வாடை அடிக்கும். நான் மூச்சு வாங்கி நின்றால், "கைய எடுக்காதடா, தோளக் குடு" என்பார். எடுத்தால் தோம்பு பின்னால் வந்து காலில் ஏறும்.

அதுவாவது இரும்பு, நேராகப் போகும். மரப்பீப்பாய்க்கு வயிறு உண்டு. அந்த வயிறு மட்டும்தான் தரையில் படும். ஒருவர் கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே மூக்கைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் போய்விடும். இரண்டு பேரும் குனிந்த முதுகோடு, நாலு கையும் ஒரே ஆளுடையதுபோல் தள்ளவேண்டும். பெருங்கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, மூச்சு முட்டுகிற ஏற்றத்தில். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் தோள் வலிக்கும்.

அடுத்த முறை போட்டால் அவர்கள் காலைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். வளைவு வந்ததும் உள்பக்கத்து ஆள் கையை லேசாகத் தளர்த்துவார், வெளிப்பக்கத்து ஆள் அழுத்துவார். பீப்பாய் மெல்லத் திரும்பும்.