பிறந்தநாள் பிரியாணியும் செவ்வாய்க்கிழமை சாம்பாரும்

வடசென்னையின் குழந்தைகள் இல்லங்களில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். பள்ளி திறக்கும் ஜூனிலும், பிறகு டிசம்பரிலும் கேள்விகள் குவியும். இந்த முறை வந்தவற்றில் சில.

மகனுக்கு வரும் ஞாயிறு பிறந்தநாள். பக்கத்து இல்லத்தில் நாற்பது பிரியாணி பொட்டலம் கொடுத்து அங்கேயே கேக் வெட்ட நினைக்கிறோம். போட்டோ எடுக்கலாம்தானே?
– வாசகி, தண்டையார்பேட்டை

போட்டோ வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-வது பிரிவுப்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ விவரத்தையோ வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவதும் வெளியிடுவதுதான். சட்டத்தை விடுங்கள். அங்கிருக்கும் ஒரு பிள்ளையை வீட்டில் அடித்தவர் கொருக்குப்பேட்டையில் இரண்டு தெரு தள்ளி இருக்கலாம். உங்கள் படத்தின் பின்னால் தெரியும் சுவரே அவருக்கு விலாசம்.

பிரியாணி விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஒரே இல்லத்துக்கு மூன்று பேர் கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், எட்டு வயது இருக்கும், லெக் பீஸை நோட்டுத் தாளில் சுற்றித் தலையணை உறைக்குள் வைத்துவிட்டான். காலையில் பாயெல்லாம் எறும்பு. அங்கிருந்த பராமரிப்பு அம்மா திட்டவில்லை. அன்றிலிருந்து தினமும் இரவு அவன் தலைமாட்டில் ஒரு வாழைப்பழம் வைத்தார். முதலில் விடிவதற்குள் காணாமல் போகும். விடிந்தும் அந்தப் பழம் அப்படியே இருக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. எப்போதோ வரும் விருந்தை விட, நாளைக்கும் சோறு உண்டு என்ற நம்பிக்கைதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிது.

அதனால் இல்லத்துக்கு முதலில் போன் போடுங்கள். "எந்த நாளுக்கு ஆள் இல்லை?" என்று கேளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாம்பார், பொரியல், முட்டைக்கான செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மளிகைக் கடை பாக்கியோ கரண்ட் பில்லோ கட்டினாலும் சரி; அவற்றுக்கு நன்கொடையாளர் கிடைப்பதே அரிது. கேக்கை வீட்டில் வெட்டுங்கள். இல்லத்தில் சில பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்பதே வயதைக் கணித்துப் போட்ட ஒரு தேதி.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் ஓர் இல்லத்துக்குப் பணம் அனுப்பச் சொல்கிறார். இல்லம் சரியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், பெரம்பூர்

முதலில் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவின்படியான பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டிரஸ்ட் பதிவு வேறு, இது வேறு. காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வருமான வரிச் சலுகைக்கு 80ஜி ரசீது வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

அண்ணன் கையில் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டா? அப்படியென்றால் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி பெற்ற இல்லத்தின் அதற்குரிய கணக்குக்கு மட்டுமே அனுப்பலாம். "உங்கள் கணக்கில் வாங்கி எங்களுக்கு மாற்றிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் ஒருநாள் டியூஷன் எடுக்க ஆசை.
– மாணவி, வியாசர்பாடி

வாம்மா. ஆனால் ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியுமா என்று யோசித்துவிட்டு வா. ஏற்கெனவே விட்டுப் போனவர்களைப் பார்த்த பிள்ளைகள். "அக்கா அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டு நீ வராமல் போனால் அந்தக் கணக்கில் நீயும் சேர்வாய். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதே. கேட்காத இல்லத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். எந்தப் பிள்ளையோடும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காராதே. "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள், பிறகு இல்லத்தின் ஆலோசகரிடம் சொல். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதே.

எதிர்வீட்டுச் சிறுமிக்குத் தினமும் அடி. அவளை நேராக ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?
– வாசகி, காசிமேடு

கூடாது, நல்ல இல்லம் அப்படிச் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும். மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். எங்கே தங்கவைப்பது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். பாட்டியோ சித்தியோ நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அங்கேயே விடுவார்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. இல்லத்தில் வேலை பார்த்த நானே சொல்கிறேன், இல்லம் கடைசி வழி. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. நிரூபிக்கும் வேலை உங்களுடையது அல்ல.

பொங்கலுக்கு ஒரு குழந்தையை இரண்டு நாள் வீட்டுக்கு அழைத்துவரலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி இல்லாமல் முடியாது. கிடைத்தாலும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மூன்றாம் நாள் திரும்பக் கொண்டுவிடும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டியவர் நீங்கள் அல்ல, வார்டன்.

பழைய துணி இரண்டு மூட்டை இருக்கிறது.
– வாசகி, எண்ணூர்

கிழியாதது, பட்டன் உள்ளது, துவைத்தது என்றால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான இல்லங்களில் ஏற்கெனவே பீரோ நிறைய இருக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் போனால் இன்னும் நல்லது: புது உள்ளாடை, பத்திலிருந்து பதினாறு வயது வரைக்குமான அளவுகளில். வளர்ந்த பெண் பிள்ளைகளுக்கு நாப்கின். செருப்பு வாங்குவதாக இருந்தால் இல்லத்தில் கேட்டு ஒவ்வொருவரின் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள்.