வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் தோட்டத்தைப் பராமரித்து, விற்றும் கொடுத்த அனுபவம் உண்டா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உண்டு. ஆனைமலைப் பக்கம் என் பெரியப்பா மகனுக்கு ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. அண்ணன் இருப்பது மெல்போர்னில். பெரியப்பா தவறியபின் ஒன்பது வருடம் நான் பார்த்துக்கொண்டேன். போன வருடம் விற்றுக் கொடுத்தேன்.

முதல் வருடம் ஒரு தப்புச் செய்தேன். அவர் தோப்புக் காய்ப் பணத்தையும் என்னுடையதையும் ஒரே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். தீபாவளிக்கு அண்ணன் கேட்டபோது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அதன்பின் தனிக் கணக்கு, தனி நோட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் எண்ணிய காய், வியாபாரிக்கு விலையில்லாமல் கூடுதலாக விட்ட லாபக்காய், ஏறுகூலி எல்லாம் அன்று சாயங்காலமே எழுதி, பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். வெள்ளை ஈ விழுந்து காய்ப்புக் குறைந்தபோது, கீழ்மட்டையைத் தடவி, விரலில் ஒட்டிய கரும்பூசணக் கரியையும் படம் பிடித்து அனுப்பினேன்.

விற்பதற்கான பவர் பத்திரத்தில், அதாவது தன் சார்பில் நான் விற்க அதிகாரம் தரும் பத்திரத்தில், அண்ணன் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பினார். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். கிரயத்தின்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். இன்னொன்று, வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். கிரயப் பணம் நேராக அண்ணனின் என்ஆர்ஓ கணக்குக்குப் போனது; வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வரும் பணத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு அது. உங்கள் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சுத்தம். சிக்கல் கிணற்றில் வந்தது. கிணறு பக்கத்துப் புல எண்ணில் இருக்கிறது, நமக்கு மூன்றில் ஒரு பாத்தியம். தண்ணீர் முறை எழுத்தில் இல்லாமல் முன்பணம் தரமாட்டேன் என்றார் வாங்க வந்தவர். நியாயம்தான். தாத்தா காலத்துப் பாகப் பத்திரத்தைத் தேடி எடுத்தபின்தான் வியாபாரம் முடிந்தது.

எனக்குப் பாரமாக இருந்தது வேறு. தோப்புக்குள் இருக்கும் சாளை வீட்டில் பதினெட்டு வருடமாக ஒரு குடும்பம் குடியிருந்தது. பவர் கையில் இருக்கிறது என்பதற்காக அவர்களைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"அவங்களுக்கு ஒரு வழி பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேனுங்கண்ணா" என்றேன்.

"எவ்வளவுன்னு நீயே சொல்லு தம்பி" என்றார்.

ஊருக்குள் ஓட்டு வீடு ஒன்றை அந்த அம்மா பெயரில் கிரயம் செய்து கொடுத்தோம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அனுப்பிய கணக்கு அதுதான்.